மறு: இந்தியப் பெருங்கடல் இருமுனை – 'நேர்மறை', 'எதிர்மறை' தேவையா?

> 'இருமுனை' நாளிதழ்களில் புழங்கிவிட்டது. இனி ஏன் கிளற வேண்டும்?

Indian Ocean Dipole என்பதற்கு வைத்த 'இருமுனை' இருக்கட்டும் ஐயா, அதோடு எனக்கு வழக்கில்லை. அது இந்தியப் பெருங்கடலின் ஒரு பக்கம் வழக்கத்தைவிடச் சூடேற, மறுபக்கம் குளிரும் நிகழ்வு. 1999இல் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாட்டா என்ற நான்கு விஞ்ஞானிகளும் எழுதியதும் இரண்டு முனைகளைப் பற்றித்தான்: ஆப்பிரிக்காவை ஒட்டிய மேற்குக் கடல், சுமத்ராவை ஒட்டிய கிழக்குக் கடல். என் வழக்கெல்லாம் அதில் ஒட்டவைக்கும் 'நேர்மறை', 'எதிர்மறை'யோடு.

மேற்கு முனை வழக்கத்தைவிட எவ்வளவு சூடு என்று பார்த்து, அதிலிருந்து கிழக்கின் அளவைக் கழிக்கிறார்கள். விடை கூட்டல் குறியோடு வந்தால் நேர்மறை, கழித்தல் குறியோடு வந்தால் எதிர்மறை. கழிக்கும் வரிசையை மாற்றியிருந்தால் பெயரும் புரண்டிருக்கும், அவ்வளவுதான் சங்கதி. படிப்பவரோ எதிர்மறை என்றதும் கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார். யாருக்குக் கெட்டது?

2019 நேர்மறை ஆண்டு. சுமத்ரா, ஜாவா கரையோரம் தென்கிழக்குக் காற்று வலுத்து மேல்நீரை ஒதுக்க, அடியிலிருந்த குளிர்நீர் மேலேறியது. குளிர்ந்த கடல்மேல் காற்று எழும்பாது, மேகமும் திரளாது. இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் வறண்டு காடுகள் எரிந்தன. கென்யாவிலும் சோமாலியாவிலும் வெள்ளம். 2016இல் எதிர்மறை: ஆஸ்திரேலியாவில் நல்ல மழை, சோமாலியாவில் வறட்சி. தமிழ்நாட்டில் நமக்கு லா நினாவும் (பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் குளிரும் நிலை; சூடேறினால் எல் நினோ) சேர்ந்துகொண்டு, வடகிழக்குப் பருவமழை சராசரியில் பாதிகூடத் தேறவில்லை.

அதனால் சூடான பக்கத்தின் பெயரையே வைத்துவிடலாம் என்கிறேன்: மேற்கு வெம்மை, கிழக்கு வெம்மை. மழை எந்தப் பக்கம் சாயும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். இரண்டும் இல்லாத ஆண்டுக்குச் சமநிலை.

> குடகடல் வெம்மை, குணகடல் வெம்மை?

குடகடல் மேற்குக் கடல், குணகடல் கிழக்குக் கடல்; காதுக்கு இனிமைதான் அம்மா. ஆனால் குணகடல் என்றால் நம்மவர்களுக்கு வங்கக்கடல். இந்தக் கிழக்கு முனை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிடக்கிறது. மெரினாவில் கடல் கொதிப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

இருமுனைக்குப் பதில் 'ஊசல்' என்று வைப்பதும் வேண்டாம். ஊசல் நேரம் தவறாமல் ஆடும். இது மே, ஜூன் வாக்கில் தொடங்கி, செப்டம்பர் முதல் நவம்பருக்குள் உச்சம் தொட்டு, டிசம்பரில் கலையும். சில ஆண்டுகள் தலையே காட்டாது.

கடல் முழுக்கவே சூடேறிவரும்போது இரண்டு பக்கமும் வெம்மைதானே என்று யாராவது மடக்கலாம். நியாயம்தான். மற்ற முனையோடு ஒப்பிட்டே வெம்மை என்கிறோம் என அகராதிக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 'ஒப்பு வெம்மை' என்று போட்டுப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை.

சரி, சொல் வாக்கியத்தில் நிற்கிறதா பாருங்கள்: "1997இல் எல் நினோ அத்தனை வலுவாக இருந்தும் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை சராசரியை ஒட்டியே பெய்ததற்கு, அவ்வாண்டின் மேற்கு வெம்மை கைகொடுத்ததைக் காரணமாகச் சொல்வார்கள்." வானொலியில் படித்தால் இடறுமா? வானிலைச் செய்தி எழுதுபவர்கள் யாராவது சொல்லுங்கள்.