முதல் ஆல்பத்துக்குப் பணம் எப்படிச் சேர்ப்பது? (சாட்ஸ்வர்த் பேண்ட்)

பேவியூ கிட்டார்:

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கிறோம். கிட்டார், பேஸ், கீபோர்டு, ட்ரம்ஸ், தவில். தவில் வாசிப்பவர் என் மாமா. மற்ற நாலு பேரும் முப்பது வயதுக்குள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் வீடுகளிலும் காவடிக்கு முந்தின இரவுகளிலும் வாசித்துத்தான் எங்களுக்குப் பெயர் கிடைத்தது. இப்போது கல்யாண வரவேற்புகளுக்கும் கூப்பிடுகிறார்கள்.

ஒரு ஆல்பம் போட ஆசை. மொத்தம் எட்டுப் பாட்டு. ஐந்து எங்கள் சொந்தப் பாட்டு, இரண்டு மாரியம்மன் தாலாட்டு வரிகளுக்கு நாங்களே மெட்டுப் போட்டது, ஒன்று பழைய சினிமாப் பாட்டு. டர்பனில் ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தோம். ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் சேர்த்து 52,000 ராண்ட் கேட்கிறார்கள். சிடியும் உறையும் தனி. எங்கள் கையில் இருப்பது 9,000.

பேஸ் வாசிக்கும் பையன் தன் பேரில் பேங்க் லோன் எடுக்கிறேன் என்கிறான். தெரிந்த கடைக்காரர் ஒருவர் முழுப் பணமும் தருகிறேன் என்கிறார், ஆனால் மாஸ்டர், அதாவது முடிந்த ரெக்கார்டிங்கின் உரிமை, தன் பேரில் இருக்க வேண்டுமாம். ஆன்லைனில் ஜனங்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டரில் பதியப் பார்த்தால், அவர்கள் அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் தென்னாப்பிரிக்காவே இல்லை.

தாத்தா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தாலாட்டை இந்த வயதில் பாடுகிறவர்கள் எங்கள் பக்கம் ரொம்பக் குறைவு. அதனால்தான் அவசரப்படுகிறேன். என்ன செய்யலாம்?

மெர்பேங்க் அக்கா:

தம்பி, அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். உறையில் அவர் கடைப் பெயரைப் போடுவதில் தப்பில்லை. மாஸ்டர் அவர் கைக்குப் போனால், உங்கள் மாமா வாசித்த தவிலை எங்கே விற்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு பண்ணுவது அவர்தான். லோனும் வேண்டாம். நாளைக்கு பேண்ட் கலைந்தாலும் மாதா மாதம் கட்ட வேண்டியவன் அந்தப் பையன் ஒருத்தன்தான்.

நான் எங்கள் காவடிக் கமிட்டியில் பல வருஷம் பொருளாளராக இருந்தவள். கோயில் கூரைக்கும் பணம் சேர்த்திருக்கிறேன், பஜனைக் குழுவுக்கு ஆர்மோனியம் வாங்கவும் சேர்த்திருக்கிறேன். நான் பார்த்த வரைக்கும் நம் ஜனங்கள் முகம் தெரியாத ஆளுக்குப் பத்து ராண்ட் கொடுக்கவும் யோசிப்பார்கள். தங்கள் வீட்டு வாசலில் அம்மனுக்குப் பாடின பிள்ளைகள் வந்து கேட்டால் மனசாரக் கொடுப்பார்கள். அதனால் வெளியே தேடாதீர்கள். இதுவரை உங்களைக் கூப்பிட்ட வீடுகள், கோயில்கள், கல்யாணக்காரர்கள் எல்லோர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் பணம் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

முதலில் பாட்டுக்கு உபயம் கேளுங்கள். கோயில் நோட்டீஸில் ஒவ்வொரு நாள் பூஜைக்கும் ஒரு குடும்பத்தின் பெயர் போடுகிறோம் இல்லையா, அதே முறைதான். ஒரு பாட்டுக்கு ஒரு குடும்பம், 2,500 ராண்ட். "காலஞ்சென்ற எங்கள் ஆயாவின் நினைவாக" என்று உறைக்குள்ளே அந்தப் பாட்டுக்குக் கீழே அச்சடித்துக் கொடுங்கள். தாலாட்டுப் பாட்டு இரண்டுக்கும் போட்டியே வரும் பாருங்கள். ஆனால் உபயம் என்பது காணிக்கை, பங்கு இல்லை. பாட்டில் அவர்களுக்கு உரிமை வராது என்பதை வாங்கும்போதே வாயாலும் சொல்லுங்கள், ரசீதிலும் எழுதுங்கள்.

அடுத்தது முன்பதிவு. சிடி ஒன்று 150 ராண்ட் என்று வைத்து இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பேங்குகளில் பேஷாப் என்ற உடனே பணம் அனுப்பும் வசதி வந்ததிலிருந்து செல்போன் நம்பர் இருந்தாலே பணம் அனுப்ப முடிகிறது, அதனால் வயதானவர்கள்கூட அனுப்பிவிடுகிறார்கள். நூறு பேர் சேர்ந்தால் 15,000. சிடி மட்டும் போதாது, யுஎஸ்பியிலும் போடுங்கள். புதுக் காரில் சிடி போடும் இடமே இல்லை.

அப்புறம் பிரியாணி. இதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் கணக்கைச் சொல்கிறேன். சிக்கன் பிரியாணி, 80 ராண்ட், 200 டிக்கெட். டிக்கெட்டை முழுசாக விற்றுப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் அரிசி வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரியே கோழியை மசாலாவில் ஊறப்போட்டு, உருளைக்கிழங்கைப் பொரித்து வைத்துவிடுங்கள். சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். மசூர் பருப்பை அரைவேக்காட்டில் இறக்கினால்தான் தம்மில் குழையாமல் நிற்கும். பதினொரு மணிக்கு டப்பா கட்டத் தொடங்கிவிடுங்கள். பருப்புக் குழம்பு, மோர், கேரட் சாலட் மூன்றும் தனித்தனி டப்பாவில் போக வேண்டும். இந்தச் சின்ன டப்பாக்கள்தான் செலவை ஏற்றும், மொத்தக் கடையில் வாங்குங்கள். எல்லாம் போக 7,000 நிற்கும். புரட்டாசியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பாதித் தெரு விரதத்தில் இருக்கும், செய்வதானால் காய்கறிப் பிரியாணிதான்.

ஹாம்பர் ராஃபிள், அதாவது பரிசுக் கூடைக்குச் சீட்டு விற்றுக் குலுக்குவது, வேண்டாம். அது லாட்டரி சட்டத்துக்குள் வரும் விஷயம், லாப நோக்கமில்லாத சங்கங்களுக்குத்தான் அதில் வழி இருக்கிறது. நீங்கள் பேண்ட், சங்கம் இல்லை. கோயில் பெயரைச் சொல்லியும் ஒரு சதம் வாங்கக் கூடாது.

பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். ஸ்டாக்வெலுக்கென்றே, அதாவது சேர்ந்து பணம் சேமிக்கும் குழுக்களுக்கென்றே, பேங்குகளில் கணக்கு உண்டு. இரண்டு பேர் கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை வரவு செலவை வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். கேட்பதற்கு முன்னால் கணக்கு காட்டுகிறவனுக்கு இரண்டாம் தடவையும் கொடுப்பார்கள்.

டொங்காட் தவில்:

அக்கா சொல்லும் முறையில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கோயிலுக்கும் அதே ஜனங்கள், தமிழ்ப் பள்ளிக்கும் அதே ஜனங்கள், இப்போது ஆல்பத்துக்கும் அவர்களா? அவர்களில் பாதிப் பேர் பென்ஷன் வாங்குகிறவர்கள். கலைகளுக்கு அரசுப் பணம் கொடுக்கும் நேஷனல் ஆர்ட்ஸ் கவுன்சில் எதற்கு இருக்கிறது? 1860இல் நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த மண்ணில் தவிலும் தெருக்கூத்தும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இதுவும் தென்னாப்பிரிக்க இசைதான். நாம் விண்ணப்பமே போடாமல், நம்மை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று பேசிக்கொண்டிருந்தால் எப்படி? தம்பி, அறிவிப்பு வரும்போது கட்டாயம் போடுங்கள்.

கான்செர்ட்ஸ் எஸ்ஏ என்று ஒரு திட்டமும் இருக்கிறது. அது ரெக்கார்டிங்குக்கு இல்லை, மேடை நிகழ்ச்சிகளுக்கும் ஊர் ஊராகப் போய் வாசிப்பதற்கும். ஆல்பம் வந்த பிறகு லெனேசியா, கேப் டவுன் பக்கம் போக உதவும்.

லெனேசியா ஸ்டூடியோ:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். பணம் சேர்ப்பது பற்றி அக்காவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது, செலவைக் குறைப்பது பற்றிச் சொல்கிறேன்.

எட்டுப் பாட்டு வேண்டாம், ஐந்து போதும். சொந்தப் பாட்டில் சிறந்த மூன்று, தாலாட்டு இரண்டு. சினிமாப் பாட்டை விட்டுவிடுங்கள். அதைப் பதிந்து விற்க மெக்கானிக்கல் லைசென்ஸ் வேண்டும், அதற்கு அந்த லைசென்ஸைக் கொடுக்கும் கபாஸோ அமைப்பிடம் போக வேண்டும். வீடியோவும் எடுத்தால் பாட்டின் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். முதல் ஆல்பத்தில் அந்த அலைச்சல் எதற்கு? மேடையில் பாடிக்கொள்ளுங்கள். தாலாட்டு வரிகள் வழிவழியாக வந்தவை, அதில் யாருக்கும் காப்புரிமை இல்லை. மெட்டு உங்களுடையது என்பதால் அந்த இசை உங்கள் படைப்பு. பாரதியார் பாட்டு போட நினைத்தாலும் கவலையில்லை. அவர் 1921இல் காலமானார், இங்கே சட்டப்படி எழுதியவர் இறந்து 50 வருஷம் வரைக்கும்தான் உரிமை.

பாட்டு குறைந்தால் ஸ்டூடியோ கட்டணமும் அதே கணக்கில் இறங்குகிறதா என்று கேளுங்கள். நியாயமான இடம் என்றால் 32,000, 33,000க்கு வரும். ட்ரம்ஸையும் தவிலையும் மட்டும் நல்ல ஸ்டூடியோவில் பதியுங்கள், அதற்குத்தான் பெரிய அறையும் நல்ல மைக்குகளும் வேண்டும். கீபோர்டையும் பேஸையும் வீட்டிலேயே மைக் இல்லாமல் நேரடியாக லைனில் எடுத்துக் கொடுத்துவிடலாம். போகும் முன் வீட்டில் மெட்ரோனோம் போட்டுப் பழகுங்கள். ஸ்டூடியோவில் போய் ஒத்திகை பார்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒரு ஆயா கொடுத்த 150 ராண்ட்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஸ்டூடியோவுக்குள் கால் வைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எந்தப் பாட்டுக்கு யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டர் யாருடையது. மாமாதானே என்று விடாதீர்கள். பிறகு வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் படைப்பாளிகளுக்கு ராயல்டி வசூலிக்கும் சாம்ரோவில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். லோட்டஸ் எஃப்எம் ரேடியோவில் பாட்டு ஓடினால் படைப்பாளிக்குப் பணம் அந்த வழியாகத்தான் வரும். வாசித்தவர்களுக்கும் மாஸ்டர் வைத்திருப்பவருக்கும் வசூலித்துத் தருவது சம்ப்ரா என்ற தனி அமைப்பு. ஆன்லைனில் ஓடுவதற்கான மெக்கானிக்கல் பங்கு கபாஸோ வழியாக வரும். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும், அதை இங்கே கொடுப்பது ரீசா என்ற ரெக்கார்டிங் துறைச் சங்கம். இதையெல்லாம் ஆல்பம் வெளிவந்து ஒரு வருஷம் கழித்துத் தேடி வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

பேவியூ கிட்டார்:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். உறையில் கால் பக்க விளம்பரம் போட்டால் 3,000 தருகிறேன் என்றார், சரி என்றோம். தாலாட்டு ஒன்றுக்கு உபயம் இப்போதே வந்துவிட்டது, எங்கள் தெருக் கடைசி வீட்டு ஆயா.

இன்னும் இரண்டு கேள்வி. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் எப்படிப் பணம் அனுப்புவது? எப்போது வெளியிட்டால் நல்லது?

லெனேசியா ஸ்டூடியோ:

வெளிநாட்டுக்காரர்களுக்கு, பேண்டுகளே பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முன்பதிவும் வைக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். பணம் பேபாலுக்கு வரும், இங்கே பேபாலிலிருந்து எடுப்பது எஃப்என்பி பேங்க் வழியாக. ஸ்பாட்டிஃபையிலும் போடுங்கள், பாட்டு பரவ அது வேண்டும். ஆனால் அதிலிருந்து ஸ்டூடியோ செலவு திரும்பும் என்று கணக்குப் போடாதீர்கள்.

மெர்பேங்க் அக்கா:

அந்த ஆயாவுக்கு ரசீது கொடுத்தீர்களா? இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

டொங்காட் அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. விண்ணப்பம் போடட்டும். ஆனால் முடிவு வர மாதக்கணக்காகும், வந்தாலும் செலவுக் கணக்கெல்லாம் ஒப்படைக்க வேண்டும். அதற்காக ஸ்டூடியோ தேதியை நிறுத்தி வைக்கக் கூடாது. பென்ஷன் வாங்குகிறவர்கள் பற்றி அவர் சொன்னது என் மனசிலும் இருக்கிறது. அவர்களிடம் உபயம் கேட்காதீர்கள், தானாக வந்தால் வாங்குங்கள். ஒரு சிடி போதும்.

வெளியீடு ஆடிக்கு முன்னால் இருக்கட்டும். மாரியம்மன் பாட்டை ஜனங்கள் தேடும் மாதம் அது. கூழ் ஊற்றும் ஒவ்வொரு வீட்டிலும் நீங்களே வாசிப்பீர்கள், பக்கத்தில் ஒரு மேஜை போட்டு விற்கலாம். அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஜூன் கடைசியில் சிடி கையில் இருக்க வேண்டும், ஏப்ரலில் மிக்ஸிங் முடிய வேண்டும். தைப்பூசம் முடிந்ததும் தவிலும் ட்ரம்ஸும் பதிந்துவிடுங்கள். ஈஸ்டர் வாரத்தில் மட்டும் தேதி வாங்காதீர்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா அப்போதுதான், உங்கள் மாமாவை யாரும் ஸ்டூடியோவுக்கு விடமாட்டார்கள்.

முதல் பிரியாணியைத் தீபாவளிக்கு அப்புறம் வையுங்கள். எனக்கு ஆறு டிக்கெட்.