பாவடி வெறிச்சோடியது எப்படி? சேலத்து நெசவுத் தெருக்களிலிருந்து சில அனுபவங்கள்

சேலம் குகைப் பகுதி, நெசவாளர் மகன்:

சேலத்தில் கைத்தறி நலிந்ததற்கு விசைத்தறியே காரணம் என்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 22 இரகங்கள் பின்னர் 11 ஆகக் குறைந்தன. அவையும் விசைத்தறியில் ஓடுவதை நாம் அறிவோம். ஆனால், எங்கள் தெருவில் தறிச்சத்தம் அடங்குவதற்கு முன்பே, ஒருவர் வேலைக்கு ஒருவர் கைகொடுக்கும் வழக்கம் அடங்கிவிட்டது.

பாவடி என்பது பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூல், நீட்டுவதற்காகவே முன்னோர் விட்டுவைத்த பொது நிலம். வெயில் ஏறுவதற்குள் அப்பா பாவை விரித்துக் கஞ்சி போடும்போது, அழைக்காமலேயே ஏழெட்டுப் பேர் வந்து நிற்பார்கள். இருவர் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டு நடக்க, மற்றவர்கள் அறுந்த இழைகளைத் தேடித்தேடி முடிச்சிடுவார்கள். மறுநாள் அவர்கள் பாவுக்கு அப்பா போவார். இதற்குக் கூலி கிடையாது. பிள்ளைகள் கல்லூரிக்கும் திருப்பூருக்கும் போன பிறகு இந்தக் கைகள் குறைந்தன. ஆள் வைத்துச் செய்தபோது, ஒரு பாவில் மிஞ்சிய சொற்பமும் அதிலேயே கரைந்தது. 2009இல் தறிக்குழியை மூடிச் சிமெண்ட் பூசினோம். அப்பாவின் கால் பட்டு வழவழப்பான மிதிபலகைகளை அடுப்பெரிக்க அம்மா விடவில்லை. இன்னும் பரணில் இருக்கின்றன.

அம்மாப்பேட்டை, நெசவாளர் மகள்:

மேலே குகை அண்ணன் எழுதியதில் பெண்களின் உழைப்பு விடுபட்டிருக்கிறது. அம்மாவும் நானும் விடியலில் இராட்டை முன் அமர்ந்து குறுக்கு நூலைத் தாரில் சுற்றித் தந்தால்தான், அதைச் சுமந்து அப்பாவின் நாடா தறியில் ஓடும். ஆனால் கூலிக் கணக்கில் அப்பாவின் பெயர் மட்டுமே இருக்கும். அதனால்தான், எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தறி வீடு வேண்டாம் என்று நானே சொன்னேன். எங்கள் தெருப் பெண்கள் பலரும் அப்படியே சொன்னார்கள். 1980களின் தொடக்கத்தில் சேலம் இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்தே, மாதச் சம்பளக்காரருக்குத்தான் பெண் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத விதியாகிவிட்டிருந்தது.

என் சித்தப்பா மகன் வெண்பட்டு வேட்டிக்குக் கரை போடுவதில் கைதேர்ந்தவன். முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை. தறியை விற்றுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். மறு வருடமே கல்யாணம் நடந்தது. பந்தியில் அவன் பரிமாறியபோது அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்த முடிவு தவறென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாதகாப்பட்டி, முன்னாள் கூலி நெசவாளர்:

முன்பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்றுதான் இதை எழுதுகிறேன். தங்கை கல்யாணத்துக்கு மாஸ்டரிடம், அதாவது நூல் கொடுத்து நெய்யச் சொல்லிக் கூலி தரும் முதலாளியிடம், முன்பணமாக வாங்கிய பணம் பதினான்கு ஆண்டுகள் தீரவில்லை. வேறிடத்தில் கூடுதல் கூலி கிடைத்தாலும், கடனை அடைக்காமல் தறியை மாற்ற முடியாது. கூலி உயர்வுக்காக மற்றவர்கள் கூடிய நாட்களிலும், கடன்பட்டவன் என்பதால் நான் போய் நிற்கவில்லை. என்னைப் போன்றவர்கள் ஒதுங்கியதால்தான் அந்த முயற்சிகள் வலுவிழந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகன், ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள், மாஸ்டர் வீட்டு வாசலில் மேலும் ஐந்நூறு ரூபாய்க்காக நான் காத்து நின்றதைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு அவன் தறியில் உட்காரவில்லை. நானும் அவனைக் கூப்பிடவில்லை.