செரி இறால் தொடங்கின ஆக்கள், உங்கட முதல் தொட்டியில நடந்ததைச் சொல்லுங்க

பாலத்தடி, கல்லடி

நானே முதல்ல சொல்றன். செரி எண்டது வீட்டுத் தொட்டியில அழகுக்கு வளர்க்கிற சின்ன நன்னீர் இறால். ரெண்டடித் தொட்டி, எயார் பம்ப்பில ஓடுற ஸ்பொஞ்ச் பில்டர், ஒரு கை மொஸ் பாசி. 5 கிழமை இறால் இல்லாம ஓடவிட்டுத்தான் போட்ட. 15 ரெட் செரி, கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில வந்தது, ஒண்டும் சாகல்ல. நாலாம் மாசம் எண்ண முடியாத அளவுக்குப் பெருகிட்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

தை மாசம், மழை விட்ட கையோட எங்கட ஒழுங்கைக்கு நுளம்புப் புகை அடிக்க வந்த. டெங்கு கூடின நேரம், அடிக்கத்தான் வேணும், அதில எனக்குக் குறை இல்ல. முதல் நாள் பின்னேரமே பக்கத்து வீட்டு அக்கா மதிலால எட்டிச் சொன்னவ, "தம்பி, நாளைக்குப் புகை அடிக்காங்களாம், சாப்பாட்டுச் சாமானை மூடி வைங்க" எண்டு. சாப்பாட்டை மூடின. அம்மாட உடுப்பை உள்ளுக்கு எடுத்த. குருவிக் கூட்டையும் எடுத்த. தொட்டிக்கு மூடி இருக்குதானே எண்டு விட்டிட்டன். எயார் பம்ப் இருந்தது ஜன்னல் கட்டில.

வேலையால வர ஆறரை. லைட்டைப் போட்டா மொஸ்ஸில ஒரு இறால் இல்ல. கொஞ்சம் சுத்திச் சுத்தி நீந்தி விழுகுது, மிச்சமெல்லாம் மணலில. முன் கண்ணாடியோட ஒரு பெரிய பெண். முட்டை போட்டு மூணு கிழமை, முட்டைக்குள்ள கறுப்புக் கண் தெரியிற பக்குவம். அது சரிஞ்சு கிடக்கு. நடக்கிற கால் எல்லாம் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாமத் துடிக்குது. ஆனா வயித்துக்குக் கீழ இருக்கிற விசிறிக் கால் மட்டும் வழமை மாதிரி முட்டைக்கு விசிறுது. அவசரமும் இல்ல, பிந்தலும் இல்ல. நான் முழங்கால் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தன். 20 நிமிசம் விசிறிச்சு. மறுகா நிண்டிட்டு.

பம்ப் ஜன்னல் காத்தை இழுத்து நேரே தண்ணிக்குள்ள ஊதியிருக்கு. பிளக்கைக் கழட்ட எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? காலையில அந்த ஜன்னல் கட்டில சாய்ஞ்சு நிண்டுதான் தேத்தண்ணி குடிச்ச.

*

தாமரைத்தொட்டி, காத்தான்குடி

நானா, வாசிக்கவே நெஞ்சு பாரமா ஈக்கி. எனக்கு நடந்தது வெளிய இருந்து வந்ததில்ல, என்ட கையாலதான்.

10 இறால் போட்டு நாலாம் நாள். சுபஹுக்கு எழும்பி குசினிக்குப் போகக்குள்ள தொட்டியப் பார்த்தா ஒண்டு நிறமே இல்லாம மல்லாக்க மிதக்குது. பின்னேரம் இன்னும் ரெண்டு. எல்லாம் சாகுது எண்டு பயந்து, முக்கால்வாசித் தண்ணிய வாளியால கோலி ஊத்திப்போட்டு கிணத்துத் தண்ணிய நிரப்பின. மகன் அந்த மூண்டையும் உள்ளங்கையில வெச்சுப் பார்த்துப்போட்டு, "உம்மா, இதுக்குள்ள ஒண்டும் இல்லையே" எண்டான். வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சன். முழுத் தோல். மீசை ஈக்கி, கண்ண மூடின தோல் ஈக்கி, கால் நுனி வரைக்கும் ஒண்டும் குறையல்ல. கழுத்துக்குப் பின்னால ஒரு வெடிப்பு, அதுக்குள்ளால வெளியாகிப் போயிட்டு. எண்ணிப் பார்த்தா பத்தும் உசிரோட.

அப்ப சந்தோசப்பட்டன். மறுநாள்தான் உண்மையாச் செத்த. கழுத்துக்குப் பின்னால வெள்ளை வளையம், பழைய தோல் பாதி கழண்டு மீதி கழராம மாட்டிக்கிட்டு. ரெண்டு நாளுக்குள்ள ஆறு. தோல் கழட்டினத மௌத்து எண்டு நினைச்சு, உசிரோட இருந்ததுகள நான் மௌத்தாக்கின.

*

வாய்க்கால்கரை, சம்மாந்துறை

என்ட கதை சின்னன். சிறுபோகம் நடுவில, வாய்க்கால்ல இருந்து ஒரு பிடி பாசி அள்ளிவந்து பைப்பில நல்லாக் கழுவிப்போட்டுத்தான் தொட்டிக்குள்ள போட்ட. பின்னேரம் அஸருக்குப் போட்ட, பொழுதுபட மஹ்ரிபுக்கு 40 இறாலும் போயிட்டு. மேல வயலில பூச்சிக்கு அடிச்சிருக்காங்க எண்டு அடுத்த நாள்தான் கேள்விப்பட்ட. மீனுக்கு ஒண்டும் ஆகல்ல. இறாலும் பூச்சியும் ஒரு சாதிச் சனம், பூச்சிக்கு அடிக்கிறது இறாலத்தான் முதல்ல எடுக்கும். இங்க கல்லோயாத் தண்ணி எத்தின வயலுக்குள்ளால வருது எண்டு யோசிச்சுப் பாருங்க.

இப்ப தங்கச்சிக்கு. ஆறு செத்ததுக்கு முக்கால்வாசி மாத்தினது மட்டும் காரணமில்ல. காத்தான்குடி ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. அந்த மணல் தரைக் கிணத்துத் தண்ணி சூடான கச்சான் காத்துக் காலத்தில ஒரு மாதிரி, மாரிக்கு இன்னொரு மாதிரி. தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகள அளக்கிற டீ.டி.எஸ். மீட்டர் ஒண்டு வாங்குங்க. செரிக்கு 150க்கும் 250க்கும் இடையில நிண்டா நல்லம், கொஞ்சம் கூடினாலும் பழகும். ஆனா ஒரே நாளில ஏறி இறங்கக் கூடாது. ஏறி இறங்கினா உள்ளுக்குப் புதுத்தோல் ஆயத்தமாக முதல் பழைய தோலக் கழட்டப் பாக்கும், அங்கதான் அந்த வெள்ளை வளையம் வாற. கிழமைக்குப் பத்தில ஒரு பங்குக்கு மேல மாத்தாதீங்க. மாத்துறதையும் வாளியால ஊத்தாம, பாமசியில சேலைன் செட் ஒண்டு வாங்கி சொட்டுச் சொட்டா விடுங்க. புது இறால் வந்தாலும் அதே மாதிரி, ரெண்டு மணித்தியாலம் சொட்டவிட்டுப் பழக்கணும்.

பைப் தண்ணி எண்டா குளோரின் போக ஒரு நாள் வாளியில எயார் ஓடவிட்டு எடுங்க. மழைத்தண்ணி பிடிக்கிற ஆக்கள் தகரக் கூரையால வாறத எடுக்க வேணாம், துத்தநாகம் கரைஞ்சு வரும். மீன் மருந்தில செம்பு இருக்கா எண்டு பாக்காம ஒரு துளி விடாதீங்க. தோலுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். அதுக்குக் கடையில காசு குடுக்கத் தேவையில்ல, கடற்கரையில கிடக்கிற கணவாய் ஓட்டை ரெண்டு நாள் நல்ல தண்ணியில ஊறவெச்சு, அவிச்சு, ஒரு துண்டு போட்டு வைங்க.

கல்லடித் தம்பிக்கும் ஒண்டு சொல்லணும். புகைதான் எண்டு எப்படி உறுதியாச் சொல்ற? அவ்வளவு பெருகின தொட்டியில சாப்பாடு கூடினா அமோனியா ஏறியும் சாகும். மூடின தொட்டிக்குள்ள புகை அவ்வளவு போகுமா எண்டு எனக்குச் சந்தேகமா ஈக்கி.

*

பாலத்தடி, கல்லடி

நானா, சொல்றன். அமோனியா எண்டா பெரும்பாலும் ஒண்டொண்டாச் சாகும், நாள் எடுக்கும். இது ஒரு பின்னேரம். அதுக்கு மேல ஒரு சாட்சி இருக்கு. அந்தத் தொட்டித் தண்ணியையும் அதே மொஸ்ஸையும் போட்டு, மீன் வரும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒண்டில 9 சின்ன இறாலைப் புகைக்கு முதலே பின் அறையில வெச்சிருந்த நான். அதுக்குப் பம்ப் இல்ல, மூடி இறுக்கம். அதே சாப்பாடுதான். ஒன்பதும் நிண்டது. இப்ப என்னட்ட இருக்கிறதெல்லாம் அந்த ஒன்பதின்ட பிள்ளையளும் பேரப்பிள்ளையளும்தான்.

சந்தேகப்பட்டதில கோவம் இல்ல. ஆனா இதை ஆக்கள் சும்மா கதை எண்டு விட்டிடக் கூடாது. நுளம்புச் சுருள், ஸ்பிரே எல்லாத்திலயும் பெரும்பாலும் புகைக்கு அடிக்கிற மாதிரி பைரித்திரொயிட் குடும்பத்துப் பூச்சி மருந்துதான். தொட்டி இருக்கிற அறையில கொளுத்தாதீங்க.

*

தேத்தாமரம், களுவாஞ்சிக்குடி

எல்லாரும் செத்ததச் சொல்றீங்க, நான் பிறந்ததச் சொல்றன்.

2022 பங்குனி மாசக் கடைசி. 13 மணித்தியாலம் வரைக்கும் கறன்ட் வெட்டின நாட்கள். பேட்டரிப் பம்ப் வாங்க வசதியும் இல்ல, கடையிலும் இல்ல. இரவில தொட்டிக்குப் பக்கத்தில பாய் போட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி ஒரு கோப்பையால தண்ணிய மொண்டு அரை முழம் உயரத்தில இருந்து ஊத்துவன். அவ்வளவுதான் காத்து. சூடு வேற. வேர்த்து ஒழுகுது. மனுசி வந்து, "நீங்க படுங்க, ஒரு மணித்தியாலம் நான் ஊத்துறன்" எண்டவ.

மூண்டாம் இரவு ஊத்திப்போட்டு டோர்ச் அடிச்சுப் பார்க்கக்குள்ள பில்டர் ஸ்பொஞ்சில தூசி மாதிரி ஒண்டு அசைஞ்சுது. கிட்டப் போனன். ஒரு உடைஞ்ச கண்மயிர் அளவு. உடம்பு கண்ணாடி, ரெண்டு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியுது. அது ரெண்டு முன்கையாலயும் மாறி மாறி ஸ்பொஞ்சில இருந்து எதையோ பொறுக்கி வாய்க்குள்ள வைக்குது, பெரிய இறால் செய்யிற அதே வேலை. பிறந்து ஒரு நாள் இருக்குமோ தெரியாது, ஆருட்டயும் பழகல்ல. மனுசிய எழுப்பிக் காட்டின. அவ எண்ணினவ, 11. கறன்ட் வர விடியப்புறமாயிட்டு.

*

துறையடி, வாழைச்சேனை

மேல அண்ணன் சொன்னதைப் படிச்சபிறகுதான் எழுதோணும் எண்டு வந்தது. எனக்கும் குஞ்சு வந்தது. ஆனா செரி இல்ல.

காசு குடுத்து இறால் வாங்கணுமா, ஆத்தில இல்லாத இறாலா எண்டு நினைச்சன். மாமாட வலையில பட்ட நீளக் கை இறால் ஒண்டு, வயித்துக்குக் கீழ செம்மஞ்சள் முட்டையோட. தனித்தொட்டியில விட்டன். முட்டை மெல்லச் சாம்பலாகிச்சு. ஒரு இரவு தாய் வெறும் வயித்தோட நிக்குது, தண்ணி முழுக்க ஊசி முனை மாதிரிப் புள்ளிகள், எல்லாம் தலைகீழாத் தொங்கிக்கொண்டு. டோர்ச்சை எந்தப் பக்கம் கொண்டுபோறனோ அந்தப் பக்கம் மேகம் மாதிரித் திரண்டு வருது. ஆயிரக்கணக்கில. நான் நித்திரை கொள்ளல்ல.

அஞ்சாம் நாள் விடிய டோர்ச் அடிச்சன். ஒண்டும் வரல்ல.

அதுகளுக்கு உப்புக் கலந்த தண்ணி வேணும். தாய் முட்டையோட ஆத்தால இறங்கி வாவிப் பக்கம் போறதே அதுக்குத்தான். குஞ்சு பல கிழமை மிதந்து, உரு மாறி மாறித்தான் இறாலாகும். கடையில வாற அமானோ எண்ட இறாலும் அப்படித்தான். செரிக்கு அந்தப் பயணம் இல்ல, முட்டையால வரக்குள்ளயே தாயின்ட உருவம். அதனாலதான் வீட்டுத் தொட்டியில பெருகுது. எங்கட வீட்டுக்கு முன்னால 200 கஜ தூரத்தில அந்த உப்புத்தண்ணி இருந்தது. ஒரு வாளி கொண்டுவந்திருக்கலாம் எண்டு இப்பவும் நினைப்பு வரும். ஆர் சொல்லித் தந்தது அப்ப?

*

சின்னமுகத்துவாரம், அக்கரைப்பற்று

நான் கலர் ஆசையில கெடுத்த ஆள். சிவப்பு, நீலம், மஞ்சள், மூண்டையும் ஒரே தொட்டியில விட்டன். மூண்டாம் தலைமுறையில எல்லாம் மண் கலர். உம்மும்மா குனிஞ்சு பார்த்துப்போட்டு, "மனே, இது நம்மட கூனிதானே" எண்டா. அவ தப்பாச் சொல்லல்ல.

இதைத் தெரிஞ்சுகொண்டு தொடங்குங்க. செரி எண்டு கடையில எந்தக் கலரில வித்தாலும் அதெல்லாம் நியோகரிடினா டேவிடி எண்ட ஒரே இனம். தாய்வான், சீனா பக்கத்து ஓடைகளில அது பழுப்புத்தான். மனுசன் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த கலர், கலந்து விட்டா பழுப்புக்கே திரும்பிடும். அதனால ஒரு தொட்டிக்கு ஒரு கலர். 10 தொடக்கம் 15 வரை வாங்குங்க, ரெண்டு மூண்டு மட்டும் வாங்கினா எல்லாம் ஆணாவும் இருக்கலாம். பெண் பெருசு, கலர் கடுமை, முதுகில சேணம் மாதிரி மஞ்சள் சாடில் தெரியும், அது உள்ளுக்கு உருவாகிற முட்டை. முட்டை 20, 30 இருக்கும், மூண்டு நாலு கிழமையில பொரிக்கும். கப்பி மீனோட விட்டா குஞ்சு மிஞ்சாது, பெருசு மட்டும்தான் இருக்கும். கலர் மங்கினதக் கொல்ல வேணாம், வேற பெட்டி ஒண்டில விடுங்க, அதுவும் சந்தோசமா வாழும்.

சாப்பாடுதான் எல்லாரும் பிழைக்கிற இடம். தொட்டியில பாசி ஈக்கி, காய்ஞ்ச நாட்டு வாதுமை இலை ஒண்டு ஈக்கி எண்டா கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் கொஞ்சம் போட்டாலே காணும். முருங்கை இலை அவிச்சுப் போடுங்க, வீட்டு மரத்து இலையா இருக்கட்டும். ரெண்டு மணித்தியாலத்தில தின்னாதத எடுத்துடணும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில தண்ணி 30 பாகைக்கு மேல போகும், அப்ப மூடியக் கழட்டி, தண்ணி முகத்துக்கு நேரே சின்ன பேன் ஒண்டு வைங்க, ரெண்டு மூண்டு பாகை இறங்கும். ஐஸ் போடாதீங்க, வாய்க்கால்கரை காக்கா சொன்ன அந்த ஏறி இறங்கல் சூட்டுக்கும்தான். இன்னும் ஒண்டு, ஊசித்தும்பிக் குஞ்சு. புதுச் செடியோட வரும். மூண்டு வால் வெச்ச மெல்லிய பூச்சி, ராவைக்கு இறால் குஞ்சப் பிடிக்கும். கண்ட உடன எடுங்க.

*

தாமரைத்தொட்டி, காத்தான்குடி

வாய்க்கால்கரை காக்கா, நான் மிஞ்சின அந்த நாலை வெச்சுத்தான் மறுபடி தொடங்கின. மீட்டர் இல்லாமத்தான் ஈக்கன், வாங்கணும். கணவாய் ஓடு மகன் கடற்கரையில பொறுக்கி வந்து ஊறப் போட்டிருக்கான், முத்தத்தில நாறுது.

நேத்து அதில ஒண்டு தோல் கழட்டினத நேரே கண்ட. வளைஞ்சு நிண்டு, ஒரு உதறு, கண் மூடித் திறக்க முதல் வெளிய. கொஞ்ச நேரத்தில மத்ததுகளில ரெண்டு பைத்தியம் பிடிச்ச மாதிரி தொட்டி முழுக்க ஓடித் திரியுது. தண்ணியில என்னமோ ஈக்கி எண்டு பயந்து வாளிய எடுத்திட்டன். எடுத்துப்போட்டு கீழ வெச்சன். இது நல்லதா, கூடாததா? ஆராச்சும் சொல்லுங்க.

*

பாலத்தடி, கல்லடி

நல்லது தங்கச்சி. பெண் தோல் கழட்டின உடன தண்ணியில வாசம் விடும், ஆண் தேடி ஓடுற ஓட்டம் அது. ரெண்டு மூண்டு நாளில வயித்துக்குக் கீழ பாருங்க. வாளியைத் தொடாதீங்க.

மொஸ் காணாட்டி சொல்லுங்க, என்னட்ட நிறைய இருக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் மகனைப் பழைய பாலத்தடிக்கு அனுப்புங்க, போத்தலில போட்டுத் தாறன். அந்தத் தொட்டி மொஸ் இல்ல, ரெஜிபோம் பெட்டி மொஸ்தான்.