இலவச அட்வென்ச்சர் கேம் விமர்சனத்துக்கு ஆள் தேவை

நண்பர்களே, ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் செய்கிற 'உருப்படாத வேலை' (வீட்டில் வைத்த பெயர்) இலவச அட்வென்ச்சர் கேம்களை (கதையோடு நகர்ந்து புதிர்களை விடுவிக்கிற கணினி விளையாட்டுகள்) விளையாடித் தமிழில் விமர்சனம் எழுதுவதுதான். தனி ஆட்கள் காசு வாங்காமல் உருவாக்கிய கேம்களை நாலு பேருக்குச் சொல்லவாவது வேண்டாமா?

இப்போது '5 டேஸ் எ ஸ்ட்ரேஞ்சர்' பற்றி எழுதுகிறேன். 2003இல் பென் குரோஷா, அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் உருவாக்கியது. திருட வந்தவனே மாளிகைக்குள் மாட்டிக்கொள்கிற கதை. அங்கேதான் சிக்கல். புதிர்களைத் தொடாமல் எழுதினால் விமர்சனம் சப்பென்று இருக்கிறது. தொட்டால் விடை வெளியே வந்துவிடுகிறது. மூன்று முறை அடித்து எழுதிவிட்டேன்.

இந்த கேமை இதுவரை விளையாடாத ஒருவர் என் வரைவைப் படித்து, எந்த வரி குட்டை உடைக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்புறம், 'இன்வென்டரி'க்கு (கேமில் நாம் எடுத்துச் சேர்த்துவைக்கிற பொருட்கள்) நல்ல தமிழ்ச் சொல் உண்டா? 'சரக்கிருப்பு' என்றால் மளிகைக்கடை ஞாபகம் வருகிறது. இப்போதைக்கு 'பை' என்றே எழுதுகிறேன்.

இன்னொன்று: பழைய அட்வென்ச்சர் கேம்களை இன்றைய கணினியிலும் போனிலும் ஓடவைக்கிற ஸ்கம்விஎம் என்ற மென்பொருள், 2.5 பதிப்பு முதல் அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோவில் செய்த கேம்களையும் இயக்குகிறது. ஆண்ட்ராய்டு போனில் முயன்றவர்கள் இருக்கிறீர்களா? சின்னத் திரையில் விரலால் ஒரு சாவியைத் தொட முடிகிறதா, இல்லை பக்கத்துக் கதவுதான் திறக்கிறதா? உங்கள் போன் மாடலோடு பதில் போடுங்கள், விமர்சனத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.