வேகமாக ஓதினால் மனம் பின்தங்குகிறது, வழி சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும்.

தினமும் ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு குர்ஆனில் ஒரு ஜுஸ்உ (முப்பதில் ஒரு பாகம்), அதாவது மதீனா முஸ்ஹஃபில் (மதீனா அச்சுப் பிரதியில்) சுமார் 20 பக்கம் ஓதி வருகிறேன். மாதம் ஒரு கத்தம், அதாவது முழுக் குர்ஆனும் ஒரு முறை முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ், நாக்கு தடையில்லாமல் ஓடுகிறது. மனம்தான் கூட வருவதில்லை.

போன வாரம் அர்ரஹ்மான் ஸூராவை (அத்தியாயத்தை) முடித்துப் பக்கம் புரட்டும்போதுதான் உறைத்தது. 'ஃபபிஅய்யி ஆலாஇ ரப்பிகுமா துகத்திபான்' (உங்கள் இருவரின் இறைவனுடைய அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள்?) என்று 31 முறை ஓதியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது என்னைக் கேட்கும் கேள்வியாகக் காதில் விழவில்லை. அழுகை வந்துவிட்டது. மறுநாள் தர்ஜமாவை (மொழிபெயர்ப்பை) பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆயத் ஆயத்தாக (வசனம் வசனமாக) நிறுத்தி ஓதினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டே பக்கம். இப்படியே போனால் 604 பக்கமும் முடியப் பத்து மாதமாகும்.

நிறுத்தி நிதானமாக ஓதச் சொல்லும் 73:4 ஆயத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் 5:118 என்ற ஒரே ஆயத்தை விடியும்வரை தொழுகையில் ஓதிய ஹதீஸும் தெரியும். ஆனால் ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை என்று நினைக்கும்போது, அளவைக் குறைக்க மனசு வரமாட்டேன் என்கிறது.

ஓதுவதற்கு ஒரு வேளை, சிந்திப்பதற்கு ஒரு வேளை என்று பிரித்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? தர்ஜமாவை முன்னாலேயே படித்துவிடுவதா, ஓதிய பிறகா? அடிக்கடி வரும் அரபிச் சொற்களை மட்டும் கற்றுக்கொண்டவர்களுக்கு எப்போது பொருள் பிடிபட ஆரம்பித்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். ஜஸாகுமுல்லாஹு கைரன்.