புதுப்பிப்பு: பெரியப்பா, பெரியம்மா மணிவிழாப் படம் சரியாக வந்துவிட்டது

பெரியப்பா முகம் வெளுத்து, பெரியம்மா முகம் மங்கி விழுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். விளக்கை நகர்த்தச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி, கோளாறு அங்கேதான்.

சாஃப்ட்பாக்ஸ் (ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) பெரியப்பாவுக்கு 1 மீட்டரிலும் பெரியம்மாவுக்கு 1.5 மீட்டரிலும் இருந்தது. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஒளி குறைவதால், ஒரு ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) மேலே வித்தியாசம். நேற்று பின்னுக்கு இழுத்து 2.5, 3 மீட்டர் ஆக்கினேன். வித்தியாசம் அரை ஸ்டாப்தான். லென்ஸ் திறப்பு எஃப் 8, கேமராவின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100 அப்படியே. ஃப்ளாஷ் பவரை மட்டும் 1/8-லிருந்து ஏறக்குறைய முழுசுக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

விளக்கு தள்ளிப் போனதால் நிழல் கொஞ்சம் கடுமையாகிவிட்டது. பெரியம்மா பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை வைத்ததும் இளகிவிட்டது. இப்போது வேட்டி மடிப்பும் தெரிகிறது, அரக்குப் பட்டின் ஜரிகையும் தெரிகிறது. மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம். பெரியம்மா முதலில் பார்த்தது அதைத்தான்.