புதுப்பிப்பு: கேம் பாய் எமுலேட்டரில் எழுத்துகள் சிதைந்த காரணம்

கோத்தகிரியின் மழை நாள்களில் நான் எழுதிவரும் கேம் பாய் எமுலேட்டரில் (அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள்) திரையெழுத்துகள் சிதைகின்றன என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன், காரணம் பிடிபட்டுவிட்டது. 1989-இல் வெளிவந்த அக்கருவியின் ஷார்ப் செயலியை இசட்80 என்ற பழைய செயலியின் நகல் என்றே நம்பி, பழைய இசட்80 நிரலை அப்படியே பொருத்தியது என் தவறு.

பதினறும எண் 22 என்பது இசட்80-இல் மூன்று பைட்டுக் கட்டளை. பின்வரும் இரண்டு பைட்டுகளை முகவரியாகக் கொண்டு எச்எல் பதிவகத்தின் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) மதிப்பை அங்கே சேமிக்கும். கேம் பாயிலோ அது ஒரே பைட்டு. ஏ பதிவகத்தின் மதிப்பை எச்எல் சுட்டும் இடத்தில் எழுதிவிட்டு, எச்எல்லில் ஒன்றைக் கூட்டும். எழுத்துப் படங்களை நகலெடுக்கும் சுழலே இதை நம்பியிருப்பதால், அடுத்து வந்த கட்டளைகளை என் நிரல் முகவரியென்று விழுங்கிக்கொண்டிருந்தது. 2ஏ, 32, 3ஏ ஆகிய எண்களுக்குரிய கட்டளைகளும் இவ்வாறே வேறுபடுகின்றன.

இசட்80-இன் ஐஎக்ஸ், ஐஒய் பதிவகங்கள் கேம் பாய் செயலியில் இல்லை. கணக்கின் விடை சுழியா என்று காட்டும் சுழிக்கொடியும் 6-ஆம் பிட்டிலன்றி 7-ஆம் பிட்டில் இருக்கிறது. இது இன்டெல் 8080 என்ற இன்னொரு பழைய செயலியின் தம்பி என்று சொன்ன நண்பர் பாதி சரி; ஆனால் ஜேஆர் தாவல்களும் (இருக்கும் இடத்திலிருந்து சில பைட்டுகள் தள்ளித் தாவும் கட்டளைகள்) கூடுதல் கட்டளைகளைத் திறக்கும் சிபி முன்னொட்டும் 8080-இல் கிடையா. இப்போது தலைப்புத் திரை தெளிவாக வருகிறது. ஒரு பைட்டின் இரு பாதிகளை இடம்மாற்றும் ஸ்வாப் கட்டளை மட்டும் பாக்கி.